ரூட் செய்த போனில் டெர்மக்ஸ் மக்கர் பண்ணினால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

தறிக்குடோன் ஆபீஸில் கணக்கு பேக்கப் எடுக்க ஒன்று, கோழிப்பண்ணையில் வெப்பநிலையைக் குறித்து வைக்க ஒன்று, தோப்பு மோட்டார் ரூமில் ஒன்று என்று பழைய ஆண்ட்ராய்டு போனை ரூட் செய்து (அதாவது போனின் முழு நிர்வாக அதிகாரத்தையும் கையில் எடுத்து), டெர்மக்ஸ் என்ற லினக்ஸ் கட்டளை ஆப் மூலம் குட்டி சர்வராக ஓட்டுகிறவர்களுக்கான குறிப்பு இது. கரண்ட் போனாலும் பேட்டரியில் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் போனில் உள்ள வசதி. தினமும் பணம் அனுப்புகிற போனில் மட்டும் இந்த வேலை வேண்டாம். ரூட் இருப்பது தெரிந்தால் பேங்க் ஆப்களும் யுபிஐ ஆப்களும் முரண்டு பிடிக்கும். அதை மறைக்கப் போடும் ஆட்டத்துக்கு முடிவே கிடையாது. கோவை காந்திபுரத்தில் செகண்ட் ஹேண்ட் போன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விலை பேசுவதற்கு முன்னால், அந்த மாடலில் பூட்லோடர் (போனைக் கிளப்பிவிடும் முதல் மென்பொருள்) திறக்குமா என்று பார்த்துவிடுங்கள்.

கட்டளைகளை வாயால் சொல்லும் விதத்தில் எழுதியிருக்கிறோம். கீபோர்டில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும். பெரிய எழுத்து வரும் இடத்தைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

எந்தப் பிழையானாலும் முதலில் மூன்று விஷயம் பாருங்கள். ‘ஐடி’ என்று அடித்தால் நீங்கள் இப்போது யாராக உள்ளே இருக்கிறீர்கள் என்று தெரியும்: யுஐடி 0 என்றால் ரூட், 10231 போன்ற ஐந்திலக்க எண் என்றால் டெர்மக்ஸ் ஆப்பின் சாதாரணப் பயனர். ‘டைப் -ஏ’ போட்டுக் கட்டளையின் பெயரைக் கொடுத்தால், அது டெர்மக்ஸில் இருந்து வருகிறதா, ஆண்ட்ராய்டின் /சிஸ்டம்/பின் உள்ளிருந்து வருகிறதா என்று காட்டும். ‘எல்எஸ் -எல்இசட்’ (இசட் பெரிய எழுத்து) கோப்பின் சொந்தக்காரர் யார், அதன் எஸ்ஈலினக்ஸ் (ஆண்ட்ராய்டின் கூடுதல் பாதுகாப்புக் காவல்) லேபிள் என்ன என்று சொல்லும். கீழே வரும் கோளாறுகளில் பல, ரூட் இல்லாததால் வருபவை அல்ல. ரூட் தேவைப்படாத வேலைக்கு ரூட்டாக நுழைந்ததால் வருபவை.

‘பர்மிஷன் டினைடு’

ஒரே வாசகம், நான்கு விதமான காரணம். எது என்று பிரித்துப் பார்க்காமல் ‘சிஎச்மாட் 777’ போடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது இந்த நான்கில் ஒன்றையும் தீர்க்காது.

ரூட்டாக மாறும் ‘எஸ்யூ’ கட்டளையை அடித்ததுமே மறுப்பு வந்தால், அனுமதி கொடுக்கப்படவில்லை என்று அர்த்தம். ரூட் அனுமதியைக் கையாளும் மேஜிஸ்க் ஆப் திரையில் கேட்கும் அனுமதிப் பெட்டிக்கு வழக்கமாக 10 விநாடிதான் அவகாசம்; அதற்குள் தொடாவிட்டால் மறுப்பாகவே எடுத்துக்கொள்ளும். போன் பண்ணையில் இருக்க, நீங்கள் வீட்டில் இருந்து எஸ்எஸ்எச் (தூரத்தில் இருந்து நெட்வொர்க் வழியாக நுழையும் முறை) வழியாக நுழைந்தால் அந்தப் பெட்டியை யார் தொடுவது? போன் கையில் இருக்கும்போதே மேஜிஸ்க் ஆப்பின் சூப்பர்யூசர் பக்கத்தில் டெர்மக்ஸுக்கு நிரந்தர அனுமதி போட்டுவிடுங்கள். மேஜிஸ்க்குக்குப் பதில் கெர்னல்எஸ்யூ போட்டிருந்தால் பெட்டியே வராது. அதன் மேனேஜர் ஆப்பில் நீங்களாகப் போய் டெர்மக்ஸை இயக்கிவிட வேண்டும். அதுவரை ‘எஸ்யூ’ என்று ஒன்று இருப்பதாகவே டெர்மக்ஸுக்குத் தெரியாது.

ஸ்கிரிப்ட் /எஸ்டிகார்டு உள்ளே இருந்தால் அங்கிருந்து நேரடியாக ஓடாது. அந்த இடம் ‘நோஎக்ஸெக்’ முறையில், அதாவது எதையும் ஓட்ட விடாதபடி, மவுண்ட் ஆகியிருக்கிறது (இணைக்கப்பட்டிருக்கிறது). ‘சிஎச்மாட்’ அடித்தாலும் அங்கே ஒட்டாது. டெர்மக்ஸின் ஹோம் ஃபோல்டருக்கு நகலெடுத்து, அங்கே ‘சிஎச்மாட் 700’ கொடுத்து ஓட்டுங்கள். வாட்ஸ்ஆப்பில் வந்த ஸ்கிரிப்டை டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே வைத்து ஓட்டப் பார்க்கிற எல்லோருக்கும் வருவது இதுதான்.

மூன்றாவதுதான் ஆளை அலைக்கழிப்பது. நேற்று வரை ஓடிய ஸ்கிரிப்ட் இன்று தன் லாக் கோப்பிலேயே எழுத முடியவில்லை என்னும். என்ன நடந்திருக்கும் என்றால், நடுவில் ஒருமுறை ரூட்டாக இருந்தபடி அதை ஓட்டியிருப்பீர்கள். லாக் கோப்பு ரூட்டின் பெயரில் உருவாகியிருக்கும். ‘எல்எஸ் -எல்’ போட்டால் மற்ற கோப்புகள் யு0_ஏ231 என்று காட்ட, இது மட்டும் ரூட் ரூட் என்று நிற்கும். சரி செய்ய, ரூட் இல்லாத நிலையில் ‘ஐடி -யு’ அடித்து வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 10231 என்று வைத்துக்கொள்வோம். பிறகு ரூட்டாகி:

சிஎச்ஓன் -ஆர் 10231:10231 /டேட்டா/டேட்டா/காம்.டெர்மக்ஸ்/ஃபைல்ஸ்/ஹோம்

(ஆர் பெரிய எழுத்து.) ‘ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்கு மேலே போய் மொத்தமாக அடிக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் ‘கேஷ்’ ஃபோல்டருக்குக் குழு எண் வேறு; அதைக் குழப்பினால் இன்னொரு தலைவலி.

இதற்குப் பிறகும் மறுப்பு வந்தால் நான்காவது காரணம்: லேபிள். ‘எல்எஸ் -டிஇசட்’ (இங்கும் இசட் பெரிய எழுத்து) போட்டு நல்லபடியாக இருக்கும் ஃபோல்டரையும் கெட்டுப்போன கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். நல்லதில் ஆப்_டேட்டா_ஃபைல் என்பதற்குப் பின்னால் எஸ்0:சி231,சி256,சி512,சி768 என்று ஒரு வால் இருக்கும். ரூட் உருவாக்கியதில் எஸ்0 என்பதோடு நின்றுவிடும். நல்ல லேபிளை அப்படியே நகலெடுத்து ‘சிஎச்கான்’ கட்டளையில் கொடுத்துவிடுங்கள், வேலை முடிந்தது. ‘செட்என்ஃபோர்ஸ் 0’ அடித்து எஸ்ஈலினக்ஸைத் தூங்க வைத்தாலும் பிழை மறையும்தான். ஆனால் அது சோதித்துப் பார்க்க மட்டும். மறைந்தால் காரணம் லேபிள் என்று தெரிந்துகொண்டு, உடனே 1 என்று திருப்பிவிடுங்கள். எதை மறுத்தது என்று துல்லியமாகப் பார்க்க, ரூட்டாக ‘டிமெஸ்ஜி’ ஓட்டி ‘ஏவிசி: டினைடு’ என்ற வரியைத் தேடுங்கள்.

‘எஸ்யூ’ அடித்ததும் எல்லாமே ‘நாட் ஃபவுண்ட்’

ரூட் ஷெல் திறக்கும்போது டெர்மக்ஸின் பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) கூடவே வராது. ஆண்ட்ராய்டின் பாத் மட்டும் இருக்கும். அதனால் நானோ, கிட், பைத்தான் எதுவும் அகப்படாது. ‘எல்எஸ்’, ‘கிரெப்’ போன்றவை ஓடும், ஆனால் அவை ஆண்ட்ராய்டின் டாய்பாக்ஸ் வகை. நீங்கள் பழகிய சில ஆப்ஷன்களை ஏற்காது. ‘பிகேஜி இன்ஸ்டால் டிஎஸ்யூ’ (முதல் எழுத்து டெர்மக்ஸின் டி) போட்டுக்கொண்டு, முழு ரூட் ஷெல் வேண்டும்போது ‘டிஎஸ்யூ’ என்றும், ஒரே ஒரு கட்டளைக்கு ‘சூடோ’ என்றும் பயன்படுத்துங்கள். பாத், ஹோம் எல்லாம் டெர்மக்ஸுக்கு ஏற்றபடி அமையும்.

‘சூடோ எக்கோ 1 >’ என்று /சிஸ் உள்ளே ஒரு கோப்பில் எழுதப் பார்த்தால் அப்போதும் மறுப்புதான் வரும். ‘எக்கோ’ ரூட்டாக ஓடினாலும், > குறியைக் கையாள்வது உங்கள் சாதாரண ஷெல். ‘எஸ்யூ -சி’ போட்டு மொத்த வரியையும் மேற்கோள் குறிக்குள் கொடுங்கள்.

பேக்கேஜ் நிறுவும் கட்டளைகளான பிகேஜியையும் ஆப்ட்டையும் ரூட்டாக ஓட்டக் கூடாது. டெர்மக்ஸே மறுத்துவிடும். அது பிழை இல்லை, உங்களைக் காப்பாற்றும் ஏற்பாடு. சுற்றி வளைத்து உள்ளே போக வழி தேடாதீர்கள்.

‘கேனாட் லிங்க் எக்ஸிக்யூட்டபிள்’

ஏதோ ஒரு லைப்ரரி இல்லை என்று ஒரு நீள வாசகம் வரும். பாதி அப்கிரேடுதான் காரணம். ஒரு புதிய பேக்கேஜை மட்டும் இறக்கினீர்கள், அது புது ஓபன்எஸ்எஸ்எல்லை இழுத்துக்கொண்டு வந்தது, பழைய கர்ல் (நெட்டில் இருந்து இறக்கும் கருவி) பழையதைத் தேடி நிற்கிறது. ‘பிகேஜி அப்கிரேட்’ போட்டு எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். சிக்கல் என்னவென்றால், பிகேஜி எந்த மிரர் (பேக்கேஜ்களை வழங்கும் நகல் சர்வர்) உயிரோடு இருக்கிறது என்று பார்க்கவே கர்லைக் கூப்பிடும். கர்லே உடைந்திருந்தால் பிகேஜியும் படுத்துவிடும். அப்போது ‘ஆப்ட் அப்டேட்’, ‘ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்’ என்று நேராக ஆப்ட்டிடம் போங்கள்.

மிரர் கிடைக்கவில்லை என்றால் ‘டெர்மக்ஸ்-சேஞ்ச்-ரெப்போ’ ஓட்டி வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள். எல்லா மிரரிலும் பிழை என்றால் ஆப் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பிளே ஸ்டோரில் 2020-லேயே அப்டேட் நின்றுபோன பழைய பதிப்பு இன்னும் பல போன்களில் கிடக்கிறது. எஃப்-ட்ராய்டு அல்லது கிட்ஹப் பதிப்புக்கு மாறுங்கள். இரண்டுக்கும் கையொப்பச் சாவி வேறு. டெர்மக்ஸ் ஓரிடம், டெர்மக்ஸ்:பூட் (போன் கிளம்பும்போதே ஸ்கிரிப்டை ஓட்டும் துணை ஆப்) இன்னோரிடம் என்று கலந்து போட முடியாது. மாறும்போது பழையதை முழுக்க நீக்க வேண்டியிருக்கும், ஹோம் ஃபோல்டரும் கூடவே போய்விடும். ‘டார்’ போட்டு /எஸ்டிகார்டுக்கு எடுத்து வைத்த பிறகு நீக்குங்கள்.

‘அனேபிள் டு லொகேட் பேக்கேஜ் டிசிபிடம்ப்’ (டிசிபிடம்ப்: நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் பார்க்கும் கருவி) என்று வந்தால் பிழை வேறு. ரூட் தேவைப்படும் கருவிகள் தனி ரெப்போவில் இருக்கின்றன. ‘பிகேஜி இன்ஸ்டால் ரூட்-ரெப்போ’ முதலில், டிசிபிடம்ப் அதற்குப் பிறகு.

‘பேட் இன்டர்ப்ரெட்டர்’

ஸ்கிரிப்டின் முதல் வரியில் /பின்/பாஷ் அல்லது /யுஎஸ்ஆர்/பின்/என்வ் என்று இருக்கும். லினக்ஸ் கம்ப்யூட்டரில் சரி, ஆண்ட்ராய்டில் அந்த இடத்தில் அவை கிடையாது. ‘டெர்மக்ஸ்-ஃபிக்ஸ்-ஷிபாங்’ கொடுத்துக் கோப்பின் பெயரைச் சொன்னால் அந்த வரியை மாற்றித் தரும். அதே ஸ்கிரிப்ட் சாதாரணமாக ஓடி, ரூட்டாக மட்டும் உதைத்தால் ஆச்சரியப்படாதீர்கள்: டெர்மக்ஸ்-எக்ஸெக் என்ற துணை லைப்ரரிதான் அந்தப் பாதையை மறைவாகத் திருப்பிக்கொண்டிருந்தது, ‘எஸ்யூ’ அதை உதிர்த்துவிடும். விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்த ஸ்கிரிப்டா? ஒருமுறை ‘டாஸ்2யூனிக்ஸ்’ ஓட்டுங்கள்.

‘சிக்னல் 9’ என்று சொல்லிவிட்டுத் தானே மூடிக்கொள்கிறது

ஆண்ட்ராய்டு 12 முதல் வந்த தொல்லை இது. ஆப்கள் பின்னால் கிளப்பிவிடும் துணைப் ப்ராசஸ்கள், எல்லா ஆப்களையும் சேர்த்து 32-க்கு மேல் போனால் ஆண்ட்ராய்டு வெட்டத் தொடங்கும். எஸ்எஸ்எச், கிரான், இரண்டு மூன்று பைத்தான் ஸ்கிரிப்ட், ஒரு டிமக்ஸ் என்று ஓட்டினால் எளிதில் எட்டிவிடுகிற எண்.

ஆண்ட்ராய்டு 14 முதல் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் உள்ளே துணைப் ப்ராசஸ் கட்டுப்பாட்டை நிறுத்தும் பொத்தான் இருக்கிறது. 12எல், 13 என்றால் ரூட் ஷெல்லில்:

செட்டிங்ஸ் புட் குளோபல் செட்டிங்ஸ்_எனேபிள்_மானிட்டர்_ஃபேண்டம்_ப்ராக்ஸ் ஃபால்ஸ்

வெறும் 12-இல் இரண்டு வரி வேண்டும். முதல் வரியை விட்டால் கூகுள் பக்கத்து ஒத்திசைவு வந்து உங்கள் எண்ணை அழித்துவிடும்:

டிவைஸ்_கான்ஃபிக் செட்_சிங்க்_டிஸேபிள்டு_ஃபார்_டெஸ்ட்ஸ் பெர்சிஸ்டென்ட்

டிவைஸ்_கான்ஃபிக் புட் ஆக்டிவிட்டி_மேனேஜர் மேக்ஸ்_ஃபேண்டம்_ப்ராசஸஸ் 2147483647

12-க்கு முந்தைய பழைய ஆண்ட்ராய்டிலும் நடுவில் நின்றுபோகிறது என்றால் காரணம் பேட்டரி சிக்கனம். டெர்மக்ஸுக்கு பேட்டரி ஆப்டிமைசேஷனை நீக்கி, ‘டெர்மக்ஸ்-வேக்-லாக்’ கொடுங்கள்.

/சிஸ்டம் உள்ளே எழுத முடியவில்லை

பழைய வழிகாட்டிகள் ‘மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /சிஸ்டம்’ என்று சொல்லும். ஆண்ட்ராய்டு 10-இல் தொடங்கி வந்த போன்களில் இது பெரும்பாலும் பலிக்காது. சிஸ்டம் பார்டிஷன் சூப்பர் என்ற பெரிய பார்டிஷனுக்குள் படிக்க மட்டுமே ஆனதாக அடங்கியிருக்கிறது. புதிய போன்களில் ஈரோஎஃப்எஸ் என்ற கோப்பு முறையே எழுத இடம் தராதது. முட்டிமோத வேண்டாம். மேஜிஸ்க் மாட்யூலாகப் போடுங்கள்: /டேட்டா/ஏடிபி/மாட்யூல்ஸ் உள்ளே ஒரு ஃபோல்டர், அதில் மாட்யூல்.ப்ராப் கோப்பு, கூடவே ‘சிஸ்டம்’ என்ற ஃபோல்டருக்குள் நீங்கள் மாற்ற விரும்பும் கோப்பு அதே பாதையில். ரீபூட் ஆனதும் மேலே போர்த்தினாற்போல் வந்து நிற்கும். ஹோஸ்ட்ஸ் கோப்பு மட்டும்தான் வேண்டும் என்றால் மேஜிஸ்க் செட்டிங்ஸில் அதற்கென்றே ஒரு தேர்வு உண்டு.

மாட்யூல் போட்ட பிறகு போன் லோகோவிலேயே சுற்றினால், பூட் ஆகும்போது வால்யூம் குறைக்கும் பொத்தானை அழுத்தி சேஃப் மோடுக்குப் போங்கள். மேஜிஸ்க் எல்லா மாட்யூலையும் நிறுத்திவிடும்; அடுத்த ரீபூட்டில் தவறு செய்ததை மட்டும் நீக்கலாம்.

சிஎச்ரூட் போட்ட டெபியனில் நெட் இல்லை, சூடோ இல்லை

முதலில் ஒரு கேள்வி: சிஎச்ரூட் (போனில் ஒரு ஃபோல்டருக்குள் டெபியன் போன்ற முழு லினக்ஸை ஓட்டும் முறை) உங்களுக்கு வேண்டுமா? டெபியன் பேக்கேஜ் ஒன்றிரண்டு ஓட்டினால் போதும் என்றால் ப்ரூட்-டிஸ்ட்ரோ போதும், ரூட்டே வேண்டாம். கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். டேட்டாபேஸ், கம்பைல் வேலை என்று வேகம் வேண்டும்போது சிஎச்ரூட்.

பெயர் தீர்க்க முடியவில்லை என்றால் /ஈடிசி/ரிசால்வ்.கான்ஃப் காலியாக இருக்கும். ‘நேம்சர்வர் 8.8.8.8’ என்று ஒரு வரி எழுதுங்கள். அதற்குப் பிறகும் ரூட்டுக்கு நெட் வந்து, ‘ஆப்ட் அப்டேட்’ மட்டும் தோற்றால், அது ஆண்ட்ராய்டு கெர்னலின் குணம்: பல போன்களில் 3003 என்ற குழுவில் இருப்பவருக்கு மட்டும்தான் சாக்கெட் திறக்க அனுமதி. டெபியனின் ஆப்ட், இறக்கும் வேலையை _ஆப்ட் என்ற தனிப் பயனரிடம் விடுகிறது; அவர் அந்தக் குழுவில் இல்லை. சிஎச்ரூட்டுக்கு உள்ளே:

குரூப்ஆட் -ஜி 3003 எய்ட்_ஐநெட்

யூசர்மாட் -ஜி 3003 _ஆப்ட்

நீங்கள் உருவாக்கிய சாதாரணப் பயனரையும் ‘யூசர்மாட் -ஏஜி 3003’ போட்டுச் சேருங்கள். இந்த வரியில் மட்டும் ஜி பெரிய எழுத்து.

சூடோ ‘நோஎஸ்யூஐடி’ என்று ஏதோ முணுமுணுத்தால், அல்லது /டெவ்/நல் கோப்பில் மறுப்பு வந்தால், காரணம் /டேட்டா மவுண்ட் ஆன விதம். வெளியே ரூட் ஷெல்லில் ‘மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,டெவ்,எஸ்யூஐடி /டேட்டா’ அடித்துவிட்டு உள்ளே போங்கள். ஒவ்வொரு ரீபூட்டுக்குப் பிறகும் இது வேண்டும், அதனால் சிஎச்ரூட்டைத் தொடங்கும் ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுங்கள். ‘சிஸ்டம்சிடிஎல்’ இங்கே ஓடாது. பிஐடி 1 ஆண்ட்ராய்டின் இனிட்டிடம் இருக்கிறது. ‘சர்வீஸ் எஸ்எஸ்எச் ஸ்டார்ட்’ என்ற பழைய வழி போதும்.

இப்போது சொல்வதை இரண்டு முறை படியுங்கள். சிஎச்ரூட் ஃபோல்டரை அழிக்க நினைத்தால் ‘ஆர்எம் -ஆர்எஃப்’ அடிப்பதற்கு முன் ‘மவுண்ட்’ அடித்து, அந்த ஃபோல்டரின் பெயர் பட்டியலில் எங்கேயாவது வருகிறதா என்று பாருங்கள். /எஸ்டிகார்டை உள்ளே பைண்ட் செய்து (அதே ஃபோல்டரை அங்கேயும் இணைத்து) வைத்திருந்தால், டெபியனை அழிக்கிறோம் என்று நினைத்துப் போனில் உள்ள போட்டோ, பில், பேக்கப் எல்லாவற்றையும் துடைத்துவிடுவீர்கள். ஒவ்வொன்றாக ‘யுமவுண்ட்’ செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் போனை ஒருமுறை ரீபூட் செய்துவிட்டு அழியுங்கள், கையால் போட்ட மவுண்டுகள் போயிருக்கும். தொடக்கத்திலேயே தானாகச் சிஎச்ரூட் கிளப்பும் ஸ்கிரிப்ட் /டேட்டா/ஏடிபி/சர்வீஸ்.டி உள்ளே இருந்தால், அதை நகர்த்திவிட்டு ரீபூட் செய்யுங்கள்.

டிசிபிடம்ப் ஓடுகிறது, ஒரு பாக்கெட்டும் வரவில்லை

தவறான இன்டர்ஃபேஸ். வைஃபை என்றால் டபிள்யூலேன்0. மொபைல் டேட்டா என்றால் குவால்காம் போனில் ஆர்எம்நெட்_டேட்டா0 என்ற மாதிரியும், மீடியாடெக்கில் சிசிஎம்என்ஐ0 என்ற மாதிரியும் இருக்கும். தெரியாவிட்டால் ‘-ஐ எனி’. ‘ஐபி ஏ’ அடித்து நெட்லிங்க் மறுப்பு வந்தால், புதிய ஆண்ட்ராய்டு சாதாரண ஆப்புக்கு அதைக் காட்டுவதில்லை, சூடோ போடுங்கள். சொந்த நெட்வொர்க்கில் மட்டும் பிடியுங்கள். மானிட்டர் மோடு (சுற்றியுள்ள வைஃபை பாக்கெட்டுகளை எல்லாம் கேட்கும் நிலை) வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: பெரும்பாலான போன்களின் உள் வைஃபை சிப் அதற்கு உதவாது, ஓடிஜியில் செருகும் அடாப்டருக்கும் கெர்னலில் டிரைவர் இருக்க வேண்டும். அதைச் செய்ய ஒரு பழைய லேப்டாப் மலிவு.

பகலில் நுழைய முடிகிறது, காலையில் போன் பதில் சொல்வதில்லை

டெர்மக்ஸின் எஸ்எஸ்எச் போர்ட் 22 அல்ல, 8022. இதைச் சரிபார்த்தாகிவிட்டது என்றால் ஐபி மாறியிருக்கும். ரவுட்டரில் மேக் முகவரிக்கு (வைஃபை சிப்பின் அடையாள எண்) ஐபியைக் கட்டி வைத்திருந்தாலும், ஆண்ட்ராய்டு 10 முதல் வைஃபைக்கு ஒரு பொய் மேக்கைக் காட்டும் வழக்கம் வந்துவிட்டது. அந்த வைஃபையின் ப்ரைவசி அமைப்பில் போனின் சொந்த மேக்கைத் தேர்ந்தெடுத்து, பிறகு கட்டுங்கள்.

ஈபி பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்தும் நாளில் போன் பேட்டரியில் உயிரோடு இருக்கும், ரவுட்டர் இருக்காது. ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வேண்டும். போன் ஒருவேளை ரீபூட் ஆகிவிட்டால் இன்னொரு தடை: திரைப்பூட்டு இருக்கிற போனில், பின் எண்ணை ஒருமுறை அடிக்கும் வரை டெர்மக்ஸின் ஃபோல்டர் மறையாக்கத்தில் பூட்டிக் கிடக்கும். டெர்மக்ஸ்:பூட் இருந்தும் ஒன்றும் கிளம்பாது. சர்வர் போனில் பின் வைக்காதீர்கள், போனையே பூட்டுள்ள அலமாரியில் வையுங்கள்.

சார்ஜ் ஏறவில்லை, பின்பக்கம் உப்பி வருகிறது

தறிக்குடோனிலும் பனியன் கம்பெனியிலும் முதலில் பார்க்க வேண்டியது சார்ஜிங் ஓட்டை. பஞ்சு உள்ளே அடைந்து, பின் சரியாக உட்காராமல் நிற்கும். போனை அணைத்து, மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசி வேண்டாம்.

நாள் முழுக்க 100 சதவீதத்திலேயே செருகிக் கிடக்கும் பேட்டரி, அதுவும் கரூர், ஈரோடு பக்கத்துச் சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, உப்பாமல் என்ன செய்யும். ரூட் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இது. ஏசிசி என்ற மேஜிஸ்க் மாட்யூலைப் போட்டு ‘ஏசிசி 60 55’ என்று கொடுத்தால், 60-இல் சார்ஜை நிறுத்தி, 55-க்கு இறங்கியதும் மறுபடி ஏற்றும். சார்ஜ் நிற்காமல் மேலே போனால், உங்கள் போனின் சார்ஜிங் சுவிட்சை அது தப்பாகப் பிடித்திருக்கிறது. ‘ஏசிசி -டி’ (டெஸ்ட் என்பதன் டி) ஓட்டி எது வேலை செய்கிறது என்று சோதித்து அதை அமையுங்கள். சூட்டைப் பார்க்க /சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை/பேட்டரி/டெம்ப் கோப்பைப் படியுங்கள். பெரும்பாலான போன்களில் அது பத்தில் ஒரு பங்கு டிகிரியில் இருக்கும்: 412 என்றால் 41.2. ஏற்கெனவே உப்பிய பேட்டரியை எந்த மாட்யூலும் திருப்பித் தராது. போனை அணைத்து, அழுத்தாமல், குத்தாமல் கடைக்குக் கொண்டுபோய் மாற்றுங்கள்.

அப்டேட் வந்தது, ரூட் போனது

ஓடிஏ அப்டேட் (நெட் வழியாகப் போனுக்கே வருவது) பூட் படத்தை, அதாவது போனைக் கிளப்பும் கோப்பை, புதிதாக எழுதிவிடும். ஏ, பி என்று இரண்டு ஸ்லாட் இருக்கும் போனில் அப்டேட் இறங்கி முடிந்ததும், ரீபூட் அழுத்துவதற்கு முன், மேஜிஸ்க் ஆப்பில் செயல்படாத ஸ்லாட்டில் நிறுவும் தேர்வைக் கொடுங்கள். தவறவிட்டால், இப்போதுள்ள பில்ட் எண்ணுக்குச் சரியாகப் பொருந்தும் படத்தை எடுத்து மேஜிஸ்க்கில் பேட்ச் செய்து ஃபாஸ்ட்பூட்டில் எழுத வேண்டும். ஆண்ட்ராய்டு 13-உடன் வெளிவந்த போன்களில் பேட்ச் செய்ய வேண்டியது பூட் அல்ல, இனிட்_பூட். வேறு பில்டின் பூட் படத்தை எழுதினால் போன் ஒருவேளை கிளம்பும், ஆனால் கெர்னல் மாட்யூல்கள் பொருந்தாமல் வைஃபை மட்டும் செத்துக் கிடக்கும். வைஃபை சிப் போய்விட்டது என்று சர்வீஸ் கடைக்கு ஓடுவதற்கு முன் பில்ட் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.